பிறந்தநாள் தானம்

மண் சரிந்தபோது நான் எங்கள் தோட்டத்து வரிசை வீடான லயத்தின் அடுப்படியில் தேத்தண்ணிக்குக் கேத்தலை வைத்துக்கொண்டிருந்தேன். விடிந்து வெகுநேரமாகியும் வெளிச்சம் வராத காலை அது. நாள்கணக்காக மழை. பின்பக்க மேட்டில் லொறி ஒன்று கல்லைக் கொட்டுவது போலச் சத்தம் கேட்டது. அதற்கப்புறம் எனக்குத் தெரிந்ததெல்லாம் அடுப்படிச் சுவர் என் இடது கைமேல் கிடந்ததுதான். பிள்ளைகள் முன்வாசலில் நின்றதால் தப்பினார்கள். வீட்டுக்காரரும் பக்கத்து வீட்டு ஆட்களும் கல்லை நகர்த்தி என்னை வெளியே எடுத்தார்கள்.

உக்குவளைக்கு மேலே ஒரு ரப்பர்த் தோட்டத்தில் பால்வெட்டுகிறவள் நான். வெட்டுகிறவளாக இருந்தேன் என்றுதான் சொல்ல வேண்டும். எலும்பு கூடிவிட்டது, விரல்கள் மடங்கவில்லை. மரத்தைப் பிடித்துக் கத்தியை இழுக்க இரண்டு கையும் வேண்டும். அதனால் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டில் என் பெயர் கூப்பிடுவது அந்தக் காலையோடு நின்றுபோனது.

எங்கள் தோட்டத்துக்கு மேலே ரோட்டோரம் ஒரு சிங்களக் கிராமம். அதே மண் முதலில் அங்கேதான் இறங்கியது. அங்கே ஒரு அம்மா, கறுவாவும் மிளகும் வைத்துச் சின்னத் தோட்டம் பார்த்துக்கொண்டு மகளோடு தனியாக இருந்தவர், மாட்டை அவிழ்த்துக் கட்ட வெளியே போயிருக்கிறார். திரும்பிப் பார்த்தபோது வீடு இருந்த இடத்தில் வீடு இல்லை. மகள் உள்ளே படித்துக்கொண்டிருந்தாள். பரீட்சை எழுத இருந்த பிள்ளை. இராணுவம் வந்து தோண்டியது, ஊர் ஆட்களும் தோண்டினார்கள். பிள்ளை கிடைக்கவேயில்லை. அந்த அம்மாவை நான் அக்கே என்றுதான் கூப்பிடுவேன். சிங்களத்தில் அது அக்கா. இங்கேயும் அப்படியே சொல்கிறேன்.

எங்களை எல்லாம் கொண்டுபோய்த் தங்கவைத்தது ஒரு பள்ளிக்கூடத்தில். லயத்து ஆட்கள் ஒரு வகுப்பறை, மேல் கிராமத்து ஆட்கள் ஒரு வகுப்பறை, சுது கங்கை பெருகி வீட்டுக்குள் வந்ததால் வெளியேறிய முஸ்லிம் குடும்பங்கள் இன்னொரு வகுப்பறை. யாரும் பிரித்து உட்காரச் சொல்லவில்லை. அப்படியே அமைந்துவிட்டது. ஆரம்பத்தில் டவுனிலிருந்து சோத்துப் பார்சல் வந்தது. பிறகு அது குறைந்து அரிசியும் பருப்பும் மூட்டையாக வந்தன. சமைக்க இருந்தது ஒரேயொரு அடுப்படி. ஒவ்வொரு வகுப்பறையும் முறை வைத்துச் சமைத்ததில் கடைசி முறைக்காரர்களின் பிள்ளைகள் பசியில் அழுதார்கள். அதோடு சட்டிச் சண்டை. யாரோ இறைச்சி ஆக்கிய சட்டி என்று எங்கள் ஆட்களில் சிலர் தொடமாட்டேன் என்றார்கள். பன்றி ஆக்கியிருப்பீர்களோ என்று முஸ்லிம் குடும்பங்களுக்குச் சந்தேகம்.

அதைத் தீர்த்துவைத்தவர் ஒரு முஸ்லிம் பெண். எங்களைவிட மூத்தவர். வீட்டு முன்னறையில் மிளகாய்த்தூள் அரைக்கும் மெஷின் வைத்திருந்தவர். மெஷினுக்குள் ஆற்றுச் சேறு போய்விட்டது. அவருடைய பிள்ளைகள் தங்கள் அக்காவை ராத்தா என்று கூப்பிட்டதைக் கேட்டு, மூத்த பெண்ணுக்கு அதுதான் மரியாதைச் சொல் என்று நினைத்து நானும் அவரை ராத்தா என்றே கூப்பிட்டேன். அதுவே நிலைத்துவிட்டது. ஒருநாள் அடுப்படி வாசலில் சத்தம் கூடிப்போனபோது அவர் நடுவே வந்து நின்று, குரலை உயர்த்தாமல் சொன்னார்.

"சோறும் பருப்பும் எல்லாருக்கும் ஒண்டுதானே. அத ஒரே சட்டியில ஆக்குவோம். மத்தது என்ன வேணுமோ அவங்கவங்க பாத்துக்கொள்ளட்டும்."

யாருக்கும் மறுக்க ஒன்றும் இருக்கவில்லை. அன்றிலிருந்து பெரிய சட்டியில் சோறு ஒன்றாக வெந்தது.

கையில் மாவுக்கட்டுப் போட்டிருந்தாலும் நான் அடுப்படிக்குப் போவேன். வகுப்பறையில் உட்கார்ந்திருந்தால் யோசனை பிடித்துத் தின்றது. ஒருநாள் காலால் துருவிப் பலகையை அழுத்திக்கொண்டு ஒற்றைக் கையால் தேங்காய் துருவப் பார்த்துக்கொண்டிருந்தேன். மூடி நழுவி நழுவி ஓடியது. அக்கே அதுவரை யாரோடும் பேசாமல் மலையைப் பார்த்தபடி வாசலில் இருந்தவர். எழுந்து வந்தார். என்னைத் தள்ளி உட்காரவைத்துவிட்டுத் துருவ ஆரம்பித்தார். மறுநாளும் வந்தார். அதற்கு அடுத்த நாளும்.

முகாம் கலைந்தபோது ராத்தா சேற்றைக் கழுவி வீட்டுக்குத் திரும்பினார். அக்கே அண்ணன் வீட்டுக்குப் போனார். எங்கள் லயம் ஆபத்தான இடம் என்று சிவப்பு அடையாளம் வைத்துவிட்டார்கள். தோட்டத்தின் பழைய பிள்ளைக் காம்பராவில் குடும்பங்களைச் சீலை கட்டிப் பிரித்துத் தங்கவைத்தார்கள். பெற்றவர்கள் வேலைக்குப் போகும் நேரத்தில் சின்னப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளக் கட்டிய இடம் அது. காணி உறுதிப் பத்திரம் உள்ளவர்களுக்கு வீடு கட்ட உதவி பற்றிப் பேச்சு நடந்தது. எங்களிடம் உறுதி இல்லை. பாட்டன் காலத்திலிருந்து அந்த லயத்தில் இருந்தோம், ஆனால் ஒரு பிடி மண்ணும் எங்களுடையதில்லை.

அந்த நாட்களில்தான் ஒரு உதவி நிறுவனத்திலிருந்து ஒரு பெண் வந்தாள். யாழ்ப்பாணப் பக்கத்துப் பிள்ளை. எங்கள் மூன்று பேரையும் ராத்தா வீட்டுக்குக் கூப்பிட்டு, சேர்ந்து ஒரு தொழில் செய்தால் அடுப்பு, சட்டி, காஸ் எல்லாம் தருவோம் என்றாள். பள்ளிக்கூடத்தில் சமைத்தது போலச் சோத்துப் பார்சல் செய்யலாம் என்றார் ராத்தா. அந்தப் பிள்ளை என் கையைப் பார்த்தாள். பிறகு, "நீங்களும் கட்டாயம் சேர வேணும் அக்கா" என்றாள்.

எனக்குச் சுருக்கென்றது. "கை இப்படி இருக்கிறதால கூப்புடுறீங்களா, சமைக்கத் தெரியும்னு கூப்புடுறீங்களா?" என்று கேட்டேன்.

அவள் முகம் சிவந்தது. "ரெண்டுக்கும்தான் அக்கா. பொய் சொல்லக் கூடாது. எல்லா விதமான ஆக்களும் குழுவில இருக்க வேணும் எண்டு எங்களுக்குச் சொல்லியிருக்கு. ஆனா முகாமில நீங்கள் சமைச்சதையும் நான் பாத்தனான்" என்றாள்.

உள்ளதைச் சொன்னதால் சேர்ந்தேன். வேறு வழியும் இல்லை.

ராத்தா வீட்டு முன்னறையில் வேலை தொடங்கியது. மாட்டிறைச்சியும் பன்றியும் உள்ளே வருவதில்லை, கோழி ராத்தாவின் ஆட்கள் அறுத்தது, வெள்ளிக்கிழமை மரக்கறி மட்டும். இவ்வளவும் ஒரு தேத்தண்ணி குடிக்கிற நேரத்தில் பேசி முடித்தோம். வெளியில்தான் கஷ்டம். சந்தியில் உள்ள கடைக்காரர் பார்சலை வாங்கி வைக்க மாட்டேன் என்றார். யார் சமைத்தது என்று கேட்டுவிட்டுத் திரும்பிப் போகிறார்களாம். பிள்ளைக் காம்பராவில் என்னைப் பார்த்து, "அவங்க வீட்டுல வேலைக்காரியாப் போயிட்டா" என்று பேசினார்கள். அக்கேயின் ஊரிலும் ஏதோ சொல்லியிருப்பார்கள். அவர் எங்களிடம் சொல்லவில்லை. ஒருநாள் பார்சல் கூடையைத் தானே தூக்கிக்கொண்டு போய் அந்தக் கடை வாசலில் உட்கார்ந்தார். மகளைப் பறிகொடுத்தவர் என்று எல்லோருக்கும் தெரியும். ஒரு பஸ் கண்டக்டர் வாங்கினார், பிறகு ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள் வாங்கினார்கள். கடைக்காரர் கொஞ்சநேரம் பார்த்திருந்துவிட்டு உள்ளே மேசையில் இடம் ஒதுக்கிக் கொடுத்தார்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோது அக்கே வருவது நின்றுவிட்டது. போன் எடுக்கவில்லை. நான் அவருடைய அண்ணன் வீட்டுக்கு நடந்து போனேன். ரோட்டை மண் மூடிய இடத்தில் ஒற்றையடிப் பாதைதான் இருந்தது. சரிந்த மண்ணில் அதற்குள் புல் முளைத்திருந்தது. அதைக் கடக்கும்போது கீழே பார்க்கக் கூடாது என்று பட்டது. அந்தப் பிள்ளை அதற்குள் எங்கோ இருந்தாள்.

அக்கே பின்வாசலில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் உட்கார்ந்தேன். நாங்கள் சிங்களத்தில்தான் பேசிக்கொள்வோம்.

"மூணு மாசத் தானம் குடுக்கணும்னு அண்ணன் சொல்றார், நங்கி" என்றார். நங்கி என்றால் தங்கச்சி. "விகாரை ஹாமுதுருவும் சொல்லியனுப்பியிருக்கார். செத்தவங்க பேரால ஹாமுதுருமாருக்குச் சோறு குடுக்கிற தானம் அது. நான் குடுத்தா, என் மகள் செத்துட்டாள்னு என் வாயாலேயே சொன்ன மாதிரி. நான் பாக்கலே. யாரும் பாக்கலே."

எங்கள் லயத்திலும் அன்று சிலர் இறந்தார்கள். நாங்கள் கத்தோலிக்கர், அவர்களுக்குக் கோயிலில் பூசை ஒப்புக்கொடுத்தோம். சவப்பெட்டியைத் தொட்டு அழுதோம். அக்கேக்கு அதுவும் இல்லை. கிளம்பும்போது, "அடுப்படி ஒங்க இடம் அக்கே. எப்ப வந்தாலும் இருக்கும்" என்று மட்டும் சொன்னேன்.

தானம் கொடுக்காமலே அந்த நாள் போயிற்று. ஊரில் சிலர் அதற்கும் பேசினார்கள். பிறகு ஒரு காலையில் நாங்கள் வெங்காயம் வெட்டிக்கொண்டிருக்கும்போது அக்கே வந்தார். தலை சீவி, வெள்ளைச் சட்டை போட்டிருந்தார்.

"வர்ற மாசம் மகளுக்குப் பொறந்தநாள்" என்றார். "பொறந்தநாளுக்கும் தானம் குடுப்பாங்கதானே. உயிரோட இருக்கிறவங்களுக்குக் குடுக்கிறது. நீங்க ரெண்டு பேரும் வந்து சமைச்சுத் தருவீங்களா?"

ராத்தா கத்தியை வைத்துவிட்டு முக்காட்டு முனையால் கண்ணைத் துடைத்தார். "வாறோம். எல்லாம் நாங்க ஆக்குறோம்" என்றார்.

ஹாமுதுருமார், அதாவது புத்த பிக்குமார், மதியத்துக்கு முன்பே சாப்பிட்டு முடிக்க வேண்டும். அதனால் ராத்தா வீட்டில் விடியமுன் தொடங்கிச் சமைத்தோம். சோறு, பருப்பு, பலாப்பிஞ்சுக் கறி, கத்தரிக்காய் மோஜு, அந்தப் பிள்ளைக்குப் பிடித்த பூசணிக்காய்ப் பால்கறி. த்ரீவீலரில் சட்டிகளை ஏற்றிக்கொண்டு போனால் சரிவுக்கு இந்தப் பக்கத்தோடு பாதை முடிந்தது. அங்கே என் வீட்டுக்காரரும் பிள்ளைக் காம்பரா ஆண்களும் வந்து நின்றார்கள். என்னை வேலைக்காரி என்று சொன்னவரும் அதில் இருந்தார். சட்டிக் காதுகளில் கம்பு கொடுத்துத் தோளில் தூக்கி, அந்த மண்ணைக் கடந்தார்கள்.

வீட்டில் சொந்தக்காரப் பெண் ஒருவர் எங்களைப் பார்த்து முகத்தைச் சுளித்தார். "தானத்துச் சோத்த இவங்களா ஆக்கினாங்க?" என்று அண்ணனிடம் கேட்டது எங்கள் காதில் விழுந்தது. அவர், "தங்கச்சி யார்கிட்டக் கேட்டாளோ அவங்க ஆக்கினாங்க" என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்க்கப் போனார்.

பெரிய ஹாமுதுரு பிறந்தநாள் என்றே சொல்லி, ஆசிக்கு ஓதும் பிரித்தை ஓதினார். சாப்பிட்டு முடித்ததும் எழுந்திருக்கப் போனார். அக்கே தரையில் கும்பிட்டபடி இருந்தவர், தலையைத் தூக்கி அண்ணனிடம், "கெண்டிய கொண்டு வாங்க" என்றார்.

கெண்டியிலிருந்து கிண்ணத்தில் நீர் வார்ப்பது இறந்தவர்களுக்குப் புண்ணியம் சேர்க்க. குடும்பத்து ஆட்கள் எல்லோரும் கெண்டியைத் தொட்டுக்கொண்டு, கிண்ணம் நிரம்பி வழியும்வரை வார்ப்பார்கள். அண்ணன் அசையாமல் நின்றார். ஹாமுதுரு மறுபடி உட்கார்ந்து, மெதுவாக, "அவசரமில்லை அம்மா" என்றார்.

"கொண்டு வாங்க" என்றார் அக்கே.

அண்ணன் ஒரு பக்கம் பிடித்தார். அக்கே மறுபக்கம் பிடித்தார். திரும்பி என்னைப் பார்த்தார். நான் போய், மடங்காத என் விரல்களைக் கெண்டிமேல் வைத்தேன். ராத்தா வாசலிலேயே நின்றார். அவருடைய மார்க்கத்தில் அது இல்லை என்று அக்கேக்குத் தெரியும், கூப்பிடவில்லை. ராத்தாவின் உதடுகள் அசைந்துகொண்டிருந்தன. தனக்குத் தெரிந்த துஆவை அவர் ஓதினார். நீர் நிரம்பி வழிந்து தட்டில் விழுந்தது. அக்கே அப்போதுதான் அழுதார். மண் சரிந்த நாளிலிருந்து அவர் அழுது நான் பார்த்ததில்லை.

மறுநாள் வேலைக்கு வந்தார். பூசணிக்காயை வெட்டியபடி, "இது அவளுக்கு ரொம்பப் பிடிக்கும்" என்று ஆரம்பித்து, நிறுத்தி, "பிடிச்சிருந்தது" என்று திருத்திச் சொன்னார். நாங்கள் கேட்காதது போல வேலையைப் பார்த்தோம்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல முடியாது. அந்த யாழ்ப்பாணத்துப் பிள்ளையின் வேலைத்திட்டம் முடிந்து அவள் போய்விட்டாள். காஸ் தீர்ந்தால் விறகில் சமைக்கிறோம். யார் சமைத்தது என்று கேட்டுவிட்டு வாங்காமல் போகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். நாங்கள் இன்னும் பிள்ளைக் காம்பராவில்தான், சீலைத் தடுப்புக்குள்.

போன வாரம் காணி கேட்டு நாங்கள் மாத்தளைக் கச்சேரிக்கு, அதாவது மாவட்டச் செயலகத்துக்குப் போனபோது அக்கேயும் பஸ் ஏறினார். அவருக்கு அங்கே ஒரு வேலையும் இல்லை. அதிகாரியின் மேசைக்கு முன்னால் எங்கள் ஆட்கள் தயங்கி நின்றார்கள். அக்கே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"இவங்க வீடு இருந்த மலையும் என் வீடு இருந்த மலையும் ஒண்ணுதான் மாத்தயா" என்று சிங்களத்தில் சொன்னார். "எனக்குக் காணி பாத்திருக்கீங்க. இவங்களுக்கு எங்க?"

அதிகாரி பேனாவை மூடி வைத்தார். மேலிடத்துக்கு எழுதியிருப்பதாகவும், செவ்வாய்க்கிழமை வந்து பார்க்கும்படியும் சொன்னார். செவ்வாய்க்கிழமைக்கு உள்ள பார்சல்களை ராத்தா தனியாகவே கட்டிக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார். நானும் அக்கேயும் காலை பஸ்ஸில் போகிறோம்.