ஐப்பசியில் அடங்கிய கம்பி

ஐப்பசி பிறந்தால் எங்கள் வீட்டு ரேடியோ இரைய ஆரம்பித்துவிடும். பிள்ளைகள் பெட்டியைத் தட்டுகிறார்கள். பெட்டி என்ன செய்யும், பாவம்? கோளாறு வானத்தில் இருக்கிறது. இதை நான் தெரிந்துகொள்வதற்குள் இரண்டு உயிர் போயிற்று.

அப்போது நான் அம்பாசமுத்திரம் தந்தி ஆபீசில் குமாஸ்தா. வள்ளியூர்ப் பக்கத்துக்காரன், காற்றும் புழுதியும்தான் எனக்குத் தெரியும். ஆனியில் வேலைக்குச் சேர்ந்தேன். சாரல் விழுந்தால் கம்பியைத் தாங்கும் பீங்கான் நனையும், மின்சாரம் கம்பத்தின் வழியே மண்ணில் கசியும், கருவியின் தட்டல் தேய்ந்துபோகும். அரைமணி வெயில் அடித்தால் எல்லாம் காய்ந்து பழையபடி கணீரென்று பேசும். மூன்று மாதம் இதைப் பார்த்துவிட்டு நான் பெரிய மேதாவி ஆகிவிட்டேன்.

ஐப்பசியில் ஒரு காலை, ஆற்றங்கரை வயல்காரர் ஒருவர் நனைந்துகொண்டே ஓடிவந்தார். மனைவிக்கு இரண்டு நாளாகப் பிரசவ வலி. மருத்துவச்சி கையை விரித்துவிட்டாள். பாளையங்கோட்டை டாக்டரம்மாவை வரவழைக்க வேண்டும். கருவியோ முனகிக்கொண்டிருந்தது. காலை ரயிலுக்கு இன்னும் கால்மணி இருந்தது. அதிலேறித் தானே போய்க் கூட்டிவந்துவிடுவதாகச் சொன்னார். நான்தான் தடுத்தேன்.

“எதுக்கு அலையுதீங்க அண்ணாச்சி? இப்ப வெயில் வந்துரும். ரயிலுக்கு முந்தி தந்தி போயிரும்.”

படித்தவர் சொன்னால் சரிதான் என்று வாசலிலேயே நின்றார். ரயில் ஊதிக்கொண்டு போனது எங்கள் இருவர் காதிலும் விழுந்தது.

வெயில் வரவில்லை. ஐப்பசி மழை சாரல் இல்லையே, பிடித்தால் விடாதே! சேரன்மகாதேவி தாண்டித் திருநெல்வேலி வரைக்கும் ஒரே மழை. விரல் வலிக்கத் தட்டினேன். அந்தப் பக்கத்திலிருந்து ஓர் எழுத்து வரும், நாலு எழுத்து வராது. மத்தியானம் அதுவும் அடங்கிவிட்டது. அடுத்த ரயில் சாயங்காலம்தான். மாட்டுவண்டி கட்டினால் போய்ச் சேரவே இருட்டிவிடும். அவர் வாசலிலேயே காத்து நின்றார். என்னைச் செருப்பால் அடித்திருக்கலாம். சாயங்கால ரயிலுக்கு முன்பே வீட்டிலிருந்து ஆட்கள் வந்து அவரை அழைத்துப் போய்விட்டார்கள். தாயும் தங்கவில்லை, பிள்ளையும் தங்கவில்லை.

மறுநாள் பளிச்சென்று வெயில். அவர் மறுபடி வந்தார். வள்ளியூரில் இருக்கும் மாமனாருக்குச் சொல்ல வேண்டுமாம்.

“இப்பப் போகுமா ஐயா?”

போயிற்று. அந்தக் கம்பி அவ்வளவு தெளிவாகப் பேசி நான் கேட்டதே இல்லை. அந்தப் பக்கத்தில் இருந்தவர் ஓர் எழுத்தைக்கூடத் திருப்பிக் கேட்கவில்லை.