தானாக விழும் ஐஸ்

கதவை யாரோ தட்டுகிறார்கள் என்று என் அத்தா எழுந்து போவதும், வாசலில் ஆள் இல்லாமல் திரும்புவதும் எங்கள் வீட்டில் தினமும் நடக்கிறது. தட்டுவது ஆள் அல்ல, ஃபிரிட்ஜ். உள்ளே ஐஸ் கட்டிகள் உறைந்து 'டம்' என்று டப்பாவில் விழுகின்றன. அது ஃபிரிட்ஜ்தான் என்று அவருக்கும் தெரியும். ஆனாலும் கள்ளக்குறிச்சியில் காலமெல்லாம், கதவைத் தட்டியவர்களுக்கெல்லாம் எழுந்து போய் ஐஸ் விற்ற மனிதர், சத்தம் கேட்டால் கால் தானாக எழுந்துவிடுகிறது.

அம்மா காலமான பிறகு அங்கே தனியாக இருந்தார். ரம்ஜானுக்கு டாலஸுக்கு வரவழைத்து அப்படியே என்னோடு வைத்துக்கொள்வது என் திட்டம். நோன்பு திறக்கும்போது சர்பத்தில் ஐஸ் மிதக்காவிட்டால் அவருக்கு ஆகாது. எங்கள் ஃபிரிட்ஜ் தானே ஐஸ் போடும், தண்ணீர்க் குழாயோடு இணைத்தால் போதும். "பிளம்பரைக் கூப்பிடலாமே" என்றார் என் வீட்டுக்காரர். நானா கூப்பிடுவேன்?

கடையில் போய்க் குழாய் ஒட்டும் பசை கேட்டேன். கடைக்காரர் "பெக்ஸா?" என்றார். 'பேக்'கைத்தான் சொல்கிறார், பை வேண்டுமா என்கிறார் போல என்று நினைத்து, வேண்டாம், கையிலேயே எடுத்துப் போகிறேன் என்றேன். மனிதர் திருதிருவென்று விழித்தார். பெக்ஸ் என்பது இங்கே சுவருக்குள் ஓடும் பிளாஸ்டிக் குழாயாம். அதில் பசை பிடிக்காதாம். நம் ஊரில் பிவிசிக்குப் பசை தடவுவோம், கசிந்தால் சைக்கிள் டியூபைக் கிழித்துச் சுற்றுவோம், அப்புறம் ஆண்டவன் விட்ட வழி. இங்கே வால்வு வைத்த 'டி' இணைப்பில் குழாயை அழுத்திச் செருகினால் அதுவே கவ்விக்கொள்கிறது.

வீட்டுக்கு வரும் தண்ணீரின் மெயின் வால்வை மூடி, சிங்க்குக்கு அடியில் மல்லாந்து படுத்து, குளிர்ந்த தண்ணீர்க் குழாயை நேராக வெட்டி, இணைப்பை இரண்டு பக்கமும் செருகினேன். அதிலிருந்து மெல்லிய குழாய் ஒன்றை ஃபிரிட்ஜின் பின்னால் கொண்டுபோய் முறுக்கினேன். தண்ணீரைத் திறந்துவிட்டு டிஷ்யூ பேப்பரைச் சுற்றிப் பார்த்தால், ஒரு பொட்டு ஈரமில்லை. என் வீட்டுக்காரர் தானும் ஒருமுறை குனிந்து தடவிப் பார்த்துக்கொண்டார்.

ஐஸின் அருமை எனக்குத் தெரியும். இட ஒதுக்கீட்டுப் போராட்ட வருஷங்களில் ஒருநாள், எலவனாசூர்கோட்டைக் கல்யாணத்துக்கு அத்தா வேனில் ஐஸ் பார்களை மரத்தூள் போட்டு மூடி எடுத்துப் போனார். சின்னப் பெண் நானும் தொற்றிக்கொண்டேன். வழியில் ரோட்டுக்குக் குறுக்கே ஒரு புளியமரம் வெட்டிக் கிடந்தது.

"இன்னா பாய் ஏத்திக்கினு போறீங்க?" என்றார் மறியலில் நின்ற ஒருவர்.

"ஐஸுப்பா. நீங்க வழி வுடறதுக்குள்ள தண்ணியாப் பூடும்."

"வண்டிய வுட முடியாது. ஐஸ வேணா தூக்கியாறோம்."

மறியல்காரர்களே தோளில் துண்டைப் போட்டு, மரத்தைத் தாண்டித் தூக்கிப் போனார்கள். அந்தப் பக்கம், மறியல் சேதி கேட்டு வந்த கல்யாண வீட்டு டிராக்டர் காத்திருந்தது. அத்தா முகத்தை அன்றைக்குப் பார்க்கணுமே! மாப்பிள்ளைகூட அவ்வளவு மிதப்பாக இருந்திருக்க மாட்டார்.

அத்தா டாலஸுக்கு வந்த அன்று நோன்பு திறந்தோம். சர்பத் டம்ளர் அவர் கையில் இருக்கும்போதே உள்ளே 'டம்'.

"இத்த யாரும்மா போடறா?"

"யாரும் போடலத்தா, தானா வருது. நான்தான் கொழா குடுத்தேன்" என்றேன், ரொம்பப் பெருமையாக.

டம்ளரை ஆட்டிப் பார்த்தார். "நல்லாத்தான் செஞ்சிக்கீற. தானா வருதுன்னா, எனக்கு இங்க இன்னா வேல?"

எனக்குச் சுருக்கென்றது. அவரை இருக்க வைக்கத்தானே அவ்வளவும் செய்தேன்! எவ்வளவோ கெஞ்சிப் பார்த்துவிட்டேன். நோன்புப் பெருநாள் முடிந்ததும் ஊருக்குக் கிளம்புகிறேன் என்பதில் பிடிவாதமாக இருக்கிறார்.

நேற்று மதியம் அத்தா அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தார். 'டம்' என்றது. ஃபிரிட்ஜ்தான் என்று தெரிந்தும், நான் எழுந்து போய் வாசல் கதவைத் திறந்தேன்.