கல்லறையில் ஒரு துளை

நண்பர்களே, போனக்காட்டு வழியில் காட்டோரமாக இருக்கும் ஒரு பழங்காலக் கல்லறையை அளந்து வர இன்று தொல்பொருள் ஆபீசிலிருந்து என்னை அனுப்பினார்கள். அடிவாரத்திலேயே வண்டிக்காரன் மாடுகளை அவிழ்த்துவிட்டான், மீதி நடைதான்.

நான்கு கற்பலகைகள், மேலே ஒரு பெரிய மூடுகல். கிழக்குப் பலகையில் மட்டும் வட்டமாக ஒரு துளை.

விறகு பொறுக்க வந்த தேயிலைத் தோட்டத்துப் பெண் ஒருத்தி, தன் சோற்றில் ஒரு பிடி எடுத்து அந்தத் துளைக்குள் வைத்தாள்.

"யாருக்கம்மா?" என்றேன்.

"ஆருன்னு அறியில்ல அய்யா. ஆரோ வந்து பாக்கணும்னுதானே வாசல் வச்சு மூடியிருக்காவ?"

தை மாதம் என் மனைவியின் சாம்பலைச் சங்குமுகத்தில் கரைத்தேன். அத்தனை பெரிய கடலில் எந்த இடத்தைப் பார்த்து அவளைக் கூப்பிடுவது?

அந்தப் பெண் போனதும் துளையை அளந்தேன். அங்குலக் கணக்கு அறிக்கையில் இருக்கிறது. உங்களுக்கு மட்டும் சொல்கிறேன்: என் மனைவியின் காப்பி டம்ளர் தாராளமாக உள்ளே போகும்.

ஓர் அளவு விட்டுப்போயிற்று என்று சொல்லி நாளையும் போகிறேன். எந்த அளவு என்று மேலதிகாரி கேட்டால் என்ன சொல்லட்டும்?