வெள்ளைப் பசை

எங்கள் வாடகைக் கார் ஸ்டாண்டில் அவருக்குப் பெயர் பளிங்கு. காலையில் தன் முகத்தைக் கழுவுகிறாரோ இல்லையோ, கார் இன்ஜினைத் துடைத்துவிடுவார். வண்டி பழசு; ஆனால் பானெட்டைத் திறந்தால் பலர் வீட்டுச் சமையலறைகூட அவ்வளவு சுத்தமாக இருக்காது. அதில் மனுஷனுக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

மனைவியை வாரம் மூன்று முறை டயாலிசிஸுக்கு அவரே அழைத்துப் போவார். அந்த வண்டிதான் நடுரோட்டில் நிற்க ஆரம்பித்தது. புறப்படும்போது ஒரு குறையும் இருக்காது. இன்ஜின் நன்றாகச் சூடேறியதும் சட்டென்று அணைந்துவிடும். ஆறியதும் ஒன்றுமே நடக்காதது போலக் கிளம்பும். மெக்கானிக் முன்னால் சமத்தாக ஓடும். பளிங்கு பெட்ரோல் பம்ப்பை மாற்றினார், பிளக்கை மாற்றினார். பீடை விடுவதாக இல்லை.

ஒருநாள் சிகிச்சை முடிந்து துவண்டு வந்த மனைவி, நின்றுபோன வண்டியின் பின்சீட்டில் வெயிலில் வெந்தார். அடுத்த முறை, "நான் பஸ்ல போய்க்கிறேங்க" என்று கிளம்பிவிட்டார். பளிங்கு அன்றே வண்டியை விற்க என்னை ஆள் பார்க்கச் சொன்னார்.

கடைசியில் வீம்பை விட்டு மச்சினனைக் கூப்பிட்டார். அவன் கார் எலெக்ட்ரீஷியன். கையெல்லாம் கரி என்று அதுவரை வண்டியைத் தொடவிட்டதில்லை. வீட்டு வாசலில், தள்ளிவிட வந்த நானும் நின்றிருந்தேன். மச்சினன் இன்ஜினை ஓடவிட்டான். சூடேறி நின்றதும் பிளக் ஒயரைக் கழற்றிப் பார்த்தான், பொறியே இல்லை. தீப்பெட்டி அளவிலிருந்த இக்னிஷன் மாட்யூலை ஈரத்துணியால் ஒற்றி ஆற வைத்தான். வண்டி கிளம்பியது.

"மாமா, இக்னிஷன் காயிலுக்குப் போற கரண்டை விட்டு விட்டு நிறுத்துறது இதோட வேலை. நிறுத்துற ஒவ்வொரு தடவையும் காயில்ல ஹை வோல்டேஜ் கிளம்பி, பிளக்ல பொறி விழும். ஓயாம அதே வேலைன்னா சூடேறாதா? இதுக்கு அடியில வெள்ளையா ஒரு பசை தடவியிருப்பாங்க. அதுதான் சூட்டைக் கீழே இருக்கிற உலோகத்துக்குக் கடத்தும். அது எங்க?"

"அந்த வெள்ளை அழுக்கா? இந்தப் பெட்டியைக் கழட்டி நான்தானே அதைத் துடைச்சேன், மாப்ள!"

மச்சினன் தலையில் அடித்துக்கொண்டான். "சுத்தம் சோறு போடும்னு சொல்லுவாங்க. உங்க சுத்தம் எங்க அக்காவை நடுத்தெருவுல நிறுத்திருச்சே!"

எனக்குச் சிரிப்பு வந்தது. பளிங்கின் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டேன். மச்சினன் சூட்டில் கெட்டுப்போன மாட்யூலுக்குப் பதில் புதிது வாங்கிவந்து, அடியில் பசை தடவித் திருகினான். வண்டியை வெகுநேரம் ஓட்டிப் பார்த்தோம், நிற்கவில்லை.

திரும்பி வந்ததும் மனைவி வாசலுக்கு வந்தார். பளிங்கு எதையும் மறைக்கவில்லை.

"தப்பு என்னோடதும்மா. கெடுத்தது நான்தான். இனிமே நிக்காது. என் வண்டியை நம்பி ஏறுவியா?"

"வண்டி நின்னா நிக்கட்டும், ஆறினதும் கிளம்பப்போகுது" என்றார் அவர். "ஒவ்வொரு தடவையும் என் முன்னால கூனிக்குறுகி நின்னீங்களே, அதைத்தான் என்னால பார்க்க முடியல. அதுக்குத்தாங்க பஸ்ல போனேன்."