இருபத்தொன்றாவது பிள்ளை

இலங்கையிலிருந்து வந்த தெய்வம்மா, 1975இல் நெல்லியாளம் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் பாலர் பள்ளி டீச்சர், முன்கோபக்காரி. ஜூனில் ஐந்துவரை, மார்ச்சுக்குள் இருபதுவரை என்று வருடம் முழுமைக்கும் கணக்குப் பாடத் திட்டம் போட்டிருந்தாள். தினமும் காலையில் பிள்ளைகள் வரிசையில் நின்று தங்களையே எண்ணுவார்கள். இலங்கையிலிருந்து திரும்பிய குடும்பங்களை ஏற்றிக்கொண்டு மண்டபம் முகாமிலிருந்து லாரி வர வர வரிசை நீண்டது. செப்டம்பரிலேயே இருபதைத் தொட்டுவிட்டது.

மறுநாள் வேலாயி புதிதாக வந்து கடைசியில் நின்றாள். பிள்ளைகள் "இருபது" என்று சொல்லி நிறுத்திக்கொண்டார்கள்.

"அதுக்கு மேல அடுத்த வருசந்தான்!" என்று அதட்டினாள் தெய்வம்மா.

"அப்ப நான் இல்லியா டீச்சர்?" என்றாள் வேலாயி.

தெய்வம்மாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "இருபத்தொண்ணு!" என்று கத்தினாள். பிள்ளைகளும் கத்தினார்கள்.

அடுத்த வருடத் திட்டத்தில் மார்ச்சுக்கு நேரே எழுதினாள்: "கடைசியாக வரும் பிள்ளைவரை."