ராணி அறைகளைக் கிள்ளிய மாசி மாதம்

யுத்த காலத்தில் சீனி குதிரைக்கொம்பாக இருந்தது. மேலகரத்தில் எங்கள் வீட்டில் மட்டும் இனிப்புக்குக் குறைவில்லை. கொல்லையில், முருங்கைக்கு அடியில் என் தேன்பெட்டி இருந்தது. வீட்டுக்காரரின் அண்ணன் குடும்பம், நாங்கள், மாமியாரான அத்தை என்று எல்லாரும் ஒரே அடுப்பில் உண்ட அந்த வீட்டில், என்னுடையது என்று நான் சொல்லிக்கொண்டது அதை மட்டும்தான்.

அந்த மாசியில் ஈக்களுக்கு இருப்புக்கொள்ளவில்லை. எனக்கும்தான். பெட்டியின் வாசலில் அவை கொத்தாகத் தொங்கிக்கொண்டு, வேலைக்கும் போகாமல் உள்ளேயும் போகாமல் இரைந்தன. தேங்காய்க் கதம்பையைப் பற்றவைத்துப் புகை காட்டித் திறந்தால், தேனடையின் அடியோரத்தில் நிலக்கடலை போல ராணி அறைகள். புது ராணி வளர்கிறது என்றால் பாதிக் கூட்டம் பறந்துவிடப் பார்க்கிறது என்று அர்த்தம். அறைகளைக் கிள்ளிப் போடுவேன். சில நாளில் மறுபடி கட்டியிருக்கும். மறுபடி கிள்ளுவேன்.

என் வீட்டுக்காரருக்குத் தென்காசியில் வாத்தியார் வேலை. அங்கே வாடகைக்கு வீடும் பார்த்துவிட்டார். ஆனால் சைக்கிளில் போய்வரும் தூரம்தான். தூரத்தைச் சாக்குச் சொல்லவும் வழியில்லை. உண்மையில் எனக்குச் சொந்த அடுப்பு வேண்டும். அம்மாவிடம் நீயே சொல் என்று என் தலையில் கட்டிவிட்டு, அவர் நல்ல பிள்ளையாகச் சைக்கிளில் ஏறிப் போய்விடுவார். எனக்கு வாய் வரவில்லை.

ஒருநாள் அடுத்த வீட்டுக்காரி, ஈ ஏன் இப்படி இரைகிறது என்று வேலிக்கு அந்தப் பக்கமிருந்து கேட்டாள்.

"தனிக்குடி போகணும்னு நிக்குது. எத்தனை நாளைக்குத்தான் புடிச்சு வைக்க?" என்றேன்.

திரும்பினால், கழுவிய பாத்திரங்களோடு அத்தை. கேள்வி அவள் காதில் விழவில்லை, பதில் விழுந்திருந்தது. அன்று முழுக்க எனக்குச் சோறு போட்டாள், ஒரு வார்த்தை பேசவில்லை. நான் அடுப்படியில் ஏனத்தை உருட்டினேன், துவைத்த துணியையே துவைத்தேன்.

மறுநாள் பெட்டிக்கு எட்ட நின்று கேட்டாள். "பிரிஞ்சா யாரு போவா? புதுசா, பழசா?"

"பழைய ராணிதான் போகும், அத்தே. கூட்டைப் புதுசுக்கு விட்டுட்டு."

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டேன். சாயங்காலம் பார்த்தால், ஆலங்குளத்தில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போக அவள் சேலைகளை மூட்டை கட்டிக்கொண்டிருந்தாள்.

"அத்தே, நான் ஈயைச் சொன்னேன்."

"தெரியும்ட்டி. நேத்து சொன்னதும் ஈயைத்தானா?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. தென்காசியில் குடித்தனம் வைக்க ஆசையாக இருக்கிறது என்று அழுகையோடு கொட்டிவிட்டேன்.  அவள் மூட்டையை அவிழ்த்தாள்.

அடுத்த தடவை கட்டிய அறைகளை நான் கிள்ளவில்லை. பெட்டியை இரண்டாகப் பிரித்தேன். பழைய ராணியையா, புது அறைகளையா, எதை எடுத்துப் போகட்டும் என்று அத்தையிடம் கேட்டேன்.

"பழசு எங்கயும் போக வேண்டாம். இங்கனயே இருக்கட்டும்."

ராணி அறைகள் இருந்த அடைச் சட்டங்களோடு பாதி ஈக்களைத் தென்காசிக்குக் கொண்டுபோனேன். புது ராணி வெளியே வரும்வரை அந்தப் பெட்டிக்குத் தலை கிடையாது. ஈக்கள் சும்மா சும்மா வெளியே வந்து சுற்றிவிட்டு உள்ளே போயின. நானும் அப்படித்தான் இருந்தேன். ஆசைப்பட்ட அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்து, இன்றைக்கு என்ன குழம்பு வைக்க என்று அத்தையிடம் கேட்க, பின்னால் திரும்பித் திரும்பிப் பார்த்தேன்.