முன்கூட்டிச் சொன்ன நன்றி

தோட்டத்தின் கீழ்ப் பிரிவான கீழ்க்கணக்கில் மைக் வைத்தால் அதன் முன்னால் சோலைமலைதான் நிற்பார். மஸ்கெலியாவில் பஸ்ஸை விட்டு இறங்கி, தேயிலைக்கு நடுவே மூச்சு வாங்க ஏற வேண்டிய அந்தத் தோட்டத்தில் கல்யாணமோ கருமாதியோ, கோயில் திருவிழாவோ, மாற்றலாகிப் போகும் தொரைக்குப் பிரியாவிடையோ, எதுவானாலும் பேச்சு அவருடையது. வாழ்நாளெல்லாம் தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டிய மனிதர். படிப்பு ஐந்தாம் வகுப்போடு சரி. ஆனாலும் வாயைத் திறந்தால் பள்ளிக்கூடத்து வாத்தியார்களே கேட்டுக்கொண்டிருப்பார்கள். வீட்டில் உப்புக் கேட்டாலும் அன்பார்ந்த பெரியோர்களே என்றுதான் ஆரம்பிப்பார் என்று அவர் மனைவி அழகம்மா தண்ணீர் பிடிக்கிற பீலியடியில் சொல்லிச் சிரிப்பாள்.

நன்றி சொல்வதில் அவருக்கென்று ஒரு முறை இருந்தது. கொடுத்த பிறகு சொல்வது யாருக்கும் முடியும். கொடுப்பதற்கு முன்னாலேயே சொல்லிவிட வேண்டும் என்பார். ஒரு வருஷம் கோயில் கூரைத் தகரம் இற்றுப்போய் அம்மன் தலையில் தண்ணீர் சொட்டியது. புதிதாக வந்த தொரைக்கு மாலை போட்ட கூட்டத்தில், எங்கள் அம்மனுக்குப் புதுக் கூரை போட்டுத் தந்த வள்ளல் என்று சோலைமலை மைக்கில் நன்றி சொல்லிவிட்டார். அப்படி ஒரு கூரை இருப்பதே தொரைக்குத் தெரியாது. கூட்டம் விடாமல் கை தட்டியது. மனிதர் முகம் சிவந்து, அடுத்த கிழமையே லொறியில் தகரத்தை அனுப்பினார். நன்றியை வாங்கிக்கொண்டவன் அதற்குப் பிறகு கையை விரிக்க மாட்டான் என்று சோலைமலை அன்றைக்கு விளக்கம் சொன்னார். ஜனங்களும் சிரித்துக்கொண்டே ஒத்துக்கொண்டார்கள். பள்ளிக்கூடத்துக்கு மேசை, வரிசை வீடுகளான லயத்துக்குப் பைப் தண்ணீர் என்று அதற்குப் பிறகும் இரண்டு மூன்று முறை அது பலித்தது. பலித்ததுதான் வினையாகப் போயிற்று.

அந்தக் கார்த்திகை மாதத்து மழையில் மலை இறங்கியது. சாயங்காலம் சோலைமலை கோயிலில் விளக்கு வைத்துக்கொண்டிருந்தார். இடி போல ஒரு சத்தம் கேட்டுத் திரும்பினால் மூன்று லயம் இருந்த இடத்தில் மண்தான் இருந்தது. அழகம்மா உள்ளே அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தாள். பக்கத்துக் காம்பராவில் இருந்தவர் பழனியாண்டி. இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். ஒரு வீட்டில் தும்மினால் மறு வீட்டில் கேட்கும். தன் பிள்ளைகள் பத்திரம் என்று தெரிந்ததும் பழனியாண்டி மண்வெட்டியை எடுத்தார். விடிய விடிய வெட்டினார். மண்வெட்டி பட்டுவிடும் என்று பயந்த இடத்தில் கையால் தோண்டினார். அழகம்மாவை வெளியே எடுத்து, தன் மனைவியின் சேலையால் சுற்றித் தூக்கிக்கொண்டு வந்து கிடத்தினார்.

பிரேதத்தைத் தூக்குவதற்கு முன்னால் யாராவது நாலு வார்த்தை பேசுவது அங்கே வழக்கம். ஊரில் விழுந்த அத்தனை சாவுக்கும் பேசிய சோலைமலை அன்று அழகம்மாவின் காலடியிலேயே உட்கார்ந்திருந்தார். கூட்டத்தில் வாயே திறக்காத பழனியாண்டிதான் முன்னால் வந்தார். "நல்ல மனுசி. வந்தவங்களுக்கெல்லாம் தேத்தண்ணி குடுத்தவ" என்றார். அவ்வளவுதான். சோலைமலை தன் ஆயுசில் கேட்ட பேச்சுகளில் அதற்கு மேல் ஒன்று இல்லை.

வீடு போன இருபத்திரண்டு குடும்பமும் பள்ளிக்கூட மண்டபத்தில் ஒதுங்கியது. முதல் நாள் சோறு மேல்கணக்கு ஜனங்கள் கொண்டுவந்தது. தங்கள் வீட்டு அரிசியை ஆளுக்கொரு சுண்டாக அள்ளி வந்து ஆக்கிப் போட்டார்கள். அதை யாரும் படம் பிடிக்கவில்லை. பாதை திறந்த பிறகு பெரிய மனது படைத்தவர்கள் வர ஆரம்பித்தார்கள். ஒரு லொறி நிறைய நூடில்ஸ் வந்தது. அதை வேக வைக்கப் பானை இல்லை. கோட்டு சூட்டு வந்தது. குதி உயர்ந்த செருப்பு ஒரு மூட்டை வந்தது, அந்தச் சேற்றில் போட்டு நடக்க. எது வந்தாலும் வரிசையில் நின்று, பொட்டலத்தை நெஞ்சுக்கு நேரே பிடித்து, கெமராவைப் பார்க்க வேண்டும். தாலியைப் பறிகொடுத்தவளிடம்கூட ஒருத்தர், கொஞ்சம் நிமிர்ந்து பாருங்கம்மா என்றார். கொடுக்கிறவன் முகம் தெரிய வேண்டும், வாங்கிக்கொள்கிறவன் கண்ணீர் தெரிய வேண்டும், இதுதான் இன்றைக்குத் தர்மம்.

கடைசியில் வந்தவர்கள் வீட்டோடு வந்தார்கள். வெளிநாட்டுப் பணத்தில் நடக்கும் ஓர் அறக்கட்டளை. அதன் ஆளாகக் கொழும்பிலிருந்து துஷாந்த் என்ற இளைஞன் வந்தான். மரியாதையான பையன், ஐயா என்றுதான் கூப்பிடுவான். தோட்டம் ஒரு மேட்டில் காணி கொடுத்தது. இருபத்திரண்டு வீடு என்று பேச்சு. அடிக்கல் நாட்டுகிற அன்றைக்குப் பந்தல், மாலை, பறக்கும் கெமரா எல்லாம் வந்தன. மைக்கும் வந்தது.

அழகம்மா போனதற்குப் பிறகு சோலைமலை மைக் முன்னால் நின்றது அன்றுதான். ஜனங்கள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பழனியாண்டி தூரத்திலிருந்து கண்ணைச் சிமிட்டினார். சோலைமலை தன் பழைய முறையை எடுத்தார். "இருபத்திரண்டு குடும்பமும் இன்னைக்கு சொந்த வீட்டுல விளக்கேத்திட்டோம். இந்தத் தோட்டத்துல இனி வீடில்லைன்னு சொல்ல ஒரு ஆளு இல்ல. எங்க கண்ணீரத் தொடச்ச உங்களுக்குக் கோடி நன்றி" என்றார். அந்த மேட்டில் அப்போது நட்டிருந்தது ஒரே ஒரு கல். கூட்டம் விஷயம் புரிந்து, விடாமல் கை தட்டியது. துஷாந்துக்குக் கண் கலங்கிவிட்டது. வீடியோவில் மழைச் சத்தம் விழுந்துவிட்டது ஐயா, கெமராவைப் பார்த்து இன்னொரு தடவை சொல்ல முடியுமா என்று கேட்டான். சோலைமலை இன்னொரு தடவை, முதலில் சொன்னதைவிட நன்றாகவே சொன்னார்.

பன்னிரண்டு வீடு எழும்பியது. சீமெந்து விலை கூடியது என்றார்கள். வேறொரு நாட்டில் வேறொரு வெள்ளம் வந்து, காசு கொடுத்தவர்கள் மனசு அந்தப் பக்கம் போய்விட்டது என்றும் சொன்னார்கள். மிச்சம் பத்து வீடு அடுத்த கட்டத்தில் வரும் என்றான் துஷாந்த். பதினோரு வீட்டுக்குச் சீட்டுக் குலுக்கினார்கள். ஒன்று மட்டும் குலுக்கலில் இல்லை. நன்றி சொன்ன ஐயாவின் வீட்டைக் காட்டச் சொல்லிக் கொடையாளிகள் கேட்கிறார்களாம், அது சோலைமலைக்கு. பழனியாண்டிக்குச் சீட்டு விழவில்லை. சோலைமலை வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். சொல்லிப் பார்ப்போமா என்று ஒரு பொழுது யோசிக்கவும் செய்தார். தன் நெஞ்சுச் சளியும் பள்ளிக்கூடத்து ஈரத் தரையும் நினைவுக்கு வர, சாவியை வாங்கிக்கொண்டார். அந்த வீட்டு வாசலில் யாரோ ஒரு கொடையாளியின் தாயார் பெயர் பொறித்த கல் பதித்திருந்தது. கொழும்பில் வேலை செய்யும் மகள் வினோதா அனுப்பிய அழகம்மாவின் படத்தை அவர் உள்ளே, அடுப்படிப் பக்கம் மாட்டினார்.

பள்ளிக்கூடம் திறக்க வேண்டியிருந்ததால் மிச்சம் பத்துக் குடும்பமும் மண்டபத்தை விட்டு, மேட்டுக்குக் கீழே தகரமும் தறப்பாளும் போட்டு அடைத்த கொட்டில்களுக்குப் போனது. சோலைமலை பழனியாண்டியைத் தன்னோடு வந்து இருக்கச் சொன்னார். மனைவி, மகன், மருமகள், பேரப்பிள்ளைகளை விட்டுவிட்டு எப்படி வருவது, எல்லோரும் வந்தால் உன்னை எங்கே படுக்க வைப்பது என்று அவர் சிரித்து மழுப்பிவிட்டார். அடுத்த கட்டம் வரவில்லை. அடுத்த மழை வந்தது.

அட்டனில் இன்னொரு நிறுவனம் வீடு கட்டிக் கொடுக்கிறது என்று கேள்விப்பட்டு, சோலைமலை பழனியாண்டியைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினார். பேச்சுக்குத் தான் இருக்கிறேன் என்று தைரியம் சொன்னார். அங்கே ஷாமிலா என்ற பெண் இருவரையும் உட்கார வைத்துத் தேநீர் கொடுத்தாள். சோலைமலை தோட்டத்தின் பெயரைச் சொன்னதும் அவள் அவரை உற்றுப் பார்த்தாள். உங்களைப் பார்த்திருக்கிறேனே ஐயா என்று போனை எடுத்துத் திருப்பிக் காட்டினாள். அதில் சோலைமலை மாலையோடு நின்று, இந்தத் தோட்டத்தில் இனி வீடில்லாத ஆள் இல்லை என்று கணீரென்று சொல்லிக்கொண்டிருந்தார். பின்னால் வீணை ஒலித்தது. மலையெல்லாம் அந்த வீடியோ போயிருந்தது. உதவி செய்கிறவர்கள் அத்தனை பேரும் அதைப் பார்த்துவிட்டு, அங்கே வேலை முடிந்துவிட்டது, வேறு தோட்டம் பார்ப்போம் என்று போயிருந்தார்கள்.

வீடு கட்டுவதற்கு முன்னாலேயே சொன்ன பேச்சு அது என்று சோலைமலை சொன்னார். ஷாமிலாவுக்கு விளங்கவில்லை. "கெடைக்காததுக்கு ஏன் ஐயா நன்றி சொன்னீங்க?" என்று கேட்டாள். குத்திக்காட்டிக் கேட்கவில்லை, உண்மையிலேயே தெரியாமல்தான் கேட்டாள். ஊரையே பேச்சால் கட்டிப் போட்ட மனிதர் தேநீர்க் கோப்பையை மேசையில் வைத்தார். மேலே கேட்டுப் பார்க்கிறேன், ஆனால் இந்த முறை நிதியெல்லாம் பிரித்தாகிவிட்டது என்றாள் அவள்.

திரும்பி வருகிற பஸ்ஸில் பழனியாண்டி ஜன்னலைப் பார்த்துக்கொண்டே வந்தார். நோர்வூட் தாண்டிய பிறகு திரும்பினார்.

"நல்லாத்தான் பேசியிருக்க, மச்சான்."

அதற்கு மேல் அவர் அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை. திட்டியிருந்தால் சோலைமலை தாங்கியிருப்பார்.

அன்றைக்கே துஷாந்துக்குப் போன் போட்டு வீடியோவை எடுத்துவிடச் சொன்னார். கொடையாளிகளுக்கு மிகவும் பிடித்த வீடியோ ஐயா, எடுக்க முடியாது என்றான். பத்துக் குடும்பம் நனைகிறது என்று சொன்னார். அதற்கு அவன் ஒரு வழி சொன்னான். அடுத்த கட்டத்துக்குக் காசு சேர்க்க வேண்டும். அந்தப் பத்துக் குடும்பத்தின் சார்பில் ஐயா இன்னொரு தடவை நன்றி சொல்லி அனுப்பினால் நல்லது. சோலைமலை போனை வைத்துவிட்டார். அந்தப் பையன் கெட்டவன் இல்லை. நன்றி இவ்வளவு மலிவாகக் கிடைக்கும்போது யார்தான் கேட்க மாட்டார்கள்?

கொட்டில்களில் விஷயம் பரவியது. யாரும் சண்டைக்கு வரவில்லை. வழியில் கண்டால் வாங்க என்றார்கள், சாப்பிட்டீங்களா என்றும் கேட்டார்கள். மாரியம்மன் திருவிழாவுக்கு மட்டும் மைக்கை லோஜன் என்ற பையனிடம் கொடுத்துவிட்டார்கள். அவன் திக்கித் திக்கிப் பேசினான். சோலைமலை கும்பலோடு நின்று கை தட்டினார்.

மறு கார்த்திகையும் மழையோடுதான் வந்தது. பழனியாண்டிக்குக் காய்ச்சல், பிறகு நெஞ்சுச் சளி. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது நேரம் கடந்துவிட்டது. அந்தத் தோட்டத்தில் இழவு விழுந்தால் வீட்டுக்கு வீடு வந்து சொல்வார்கள். சொல்லாமல் விடுகிற வீடு ஊருக்கு ஆகாத வீடு. அன்று காலையில் சொல்ல வந்த ஆள் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினான், அதற்கு அடுத்த வீட்டுக் கதவைத் தட்டினான். சாவுக்கு அடிக்கிற தப்புச் சத்தம் கேட்டுத்தான் சோலைமலைக்குத் தெரிந்தது. சொல்லாத இழவுக்குப் போவது மானக்கேடு. மானத்தைப் பார்க்கிற இடம் அது இல்லை என்று சட்டையைப் போட்டுக்கொண்டு இறங்கினார்.

அந்தத் தறப்பாள் கொட்டிலுக்கு வெளியே, சேற்றின் மேல் பலகை போட்டு அதில் பெட்டியை வைத்திருந்தார்கள். தூக்குகிற நேரம் வந்தது. தப்பு நின்றது. பேசுகிற நேரம் அது. பழக்க தோஷம், கூட்டம் முழுக்க சோலைமலையைத் திரும்பிப் பார்த்தது. வழியெல்லாம் அவர் வார்த்தையைச் சேர்த்துக்கொண்டுதான் வந்திருந்தார். அந்த மண்வெட்டியைப் பற்றி, அந்தச் சேலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். தன் வீட்டுச் சாவுக்கு அந்த மனுசன் வாயைத் திறந்ததைச் சொல்ல வேண்டும். ஓர் அடி முன்னால் வந்து தொண்டையைச் செருமினார்.

பழனியாண்டியின் மகன் கஜேந்திரன் பெட்டிக்கு அந்தப் பக்கம் நின்றிருந்தான். குரலை உயர்த்தவில்லை.

"நீங்க ஒன்னும் பேச வேணாம் மாமா. ஒரு பிடி மண்ணப் போட்டுட்டுப் போங்க."

பெட்டியைத் தூக்கினார்கள். சோலைமலை கும்பலுக்குப் பின்னால் குழி வரைக்கும் நடந்தார். அவர் முறை வந்தபோது குனிந்து மண்ணை அள்ளினார். நல்ல மனுசன் என்று ஒரு வார்த்தை, அது மட்டுமாவது, உதடு வரைக்கும் வந்தது. கஜேந்திரன் பார்த்துக்கொண்டிருந்தான். சோலைமலை வாயை மூடிக்கொண்டு மண்ணைப் போட்டார்.